மோர்டன் முதல் யாழ்ப்பாணம் வரை: கைத்தொலைபேசித் தெரிவில் முந்துவது பெயரா, பயனா?

தென்மேற்கு லண்டனில், நிலத்தடி ரயில் சேவையின் நோர்தேர்ன் பாதை முடிவடையும் இடம் மோர்டன். 1926 ஆம் ஆண்டு ரயில் வந்து சேர்ந்த பின்னரே, அதுவரை பெரும்பாலும் வயல்வெளியாக இருந்த இப்பகுதி புறநகராக வளர்ந்தது. மோர்டனை உள்ளடக்கிய மேர்ட்டன் நகராட்சிப் பகுதியில், ஆங்கிலத்துக்கு அடுத்தபடியாக அதிகம் பேசப்படும் மொழிகளுள் தமிழும் ஒன்று என்பதை 2011 ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு காட்டியது.

இங்கு வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். மகனிடம் ஐபோன். மருமகளிடமும் அதுவே. பேரப்பிள்ளைக்குப் பாடசாலைத் தோழர்கள் வைத்திருப்பது போன்ற ஒன்று வேண்டும். அப்பாவிடம் சாம்சங். அம்மம்மாவிடம் பத்து ஆண்டுகளுக்கு முன்னர் வாங்கிய, பொத்தான்கள் கொண்ட பழைய தொலைபேசி. அது பழுதானவுடன் வீட்டில் விவாதம் தொடங்குகிறது. எதை வாங்குவது? எல்லோரும் வைத்திருக்கும் நிறுவனத்தின் தயாரிப்பையா, அல்லது அவருக்கு எது பயன்படுமோ அதையா?

இது சிறிய விடயமாகத் தோன்றலாம். ஆனால், பிள்ளைகள் ரொறன்ரோவிலும் பாரிஸிலும், உடன்பிறந்தோர் யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் இருக்கும் ஒருவருக்குக் கைத்தொலைபேசி என்பது ஆடம்பரப் பொருள் அல்ல. குடும்பம் என்ற ஒன்று அவருக்கு நாள்தோறும் நிலைத்திருப்பதே அதன் வழியாகத்தான். எனவே அந்தத் தெரிவு எந்த அடிப்படையில் செய்யப்படுகிறது என்பதை ஆராய்வது பயனுள்ளது.

அட்டைக் காலத்தின் கணக்கு

புலம்பெயர்ந்த தமிழர்கள் தொலைத்தொடர்பு விடயத்தில் எப்போதும் ஒரு பெயரைப் பற்றி நின்றவர்கள் அல்லர். 1990 களிலும் 2000 களின் முற்பகுதியிலும், லண்டனின் தமிழ்க் கடைகளில் விற்கப்பட்ட தொலைபேசி அட்டைகளை வாங்கியோர் பார்த்தது ஒன்றே ஒன்றுதான்: ஐந்து பவுண்டுக்கு இலங்கையுடன் எத்தனை நிமிடம் பேசலாம்? இந்த வாரம் ஓர் அட்டை, அடுத்த வாரம் வேறோர் அட்டை. அட்டையின் பெயரை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. நிமிடங்களை மட்டுமே எண்ணினார்கள்.

அந்தத் தேவையிலிருந்தே பெரிய நிறுவனங்களும் எழுந்தன. 2001 இல் இலங்கைத் தமிழர் மூவர் தொடங்கிய லெபாராவும், 2006 இல் சுபாஸ்கரன் அல்லிராஜா தொடங்கிய லைக்காமொபைலும், வெளிநாட்டு அழைப்புகளைக் குறைந்த கட்டணத்தில் வழங்கி வளர்ந்தவை.

இந்நிறுவனங்களுக்கு பிரிட்டனில் சொந்தமாக அலைக்கோபுரங்கள் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது. லெபாரா வோடஃபோன் வலையமைப்பையும், லைக்காமொபைல் 2023 முதல் ஈஈ வலையமைப்பையும் பயன்படுத்துகின்றன. அதேபோல் கிஃப்காஃப், டெஸ்கோ மொபைல் ஆகியவை ஓ2 வலையமைப்பில் இயங்குகின்றன. வோடஃபோனும் திரீயும் 2025 இல் இணைந்த பின்னர், பிரிட்டனில் சொந்த வலையமைப்புக் கொண்ட கைத்தொலைபேசி நிறுவனங்கள் மூன்றே. கடைகளில் காணப்படும் ஏனைய பெயர்கள் அனைத்தும் இம்மூன்றில் ஒன்றின் கோபுரங்களையே நம்பியிருக்கின்றன. ஒரே கோபுரத்திலிருந்து வரும் சேவைக்கு ஒரு பெயரில் கூடுதலாகவும் இன்னொரு பெயரில் குறைவாகவும் கட்டணம் அறவிடப்படலாம்.

பேசும் நிமிடங்களில் இவ்வளவு கறாராகக் கணக்குப் பார்த்த அதே சமூகம், கருவியை வாங்கும்போது பல நேரங்களில் கணக்கைக் கைவிடுகிறது. ஏன்?

பற்று எங்கிருந்து பிறக்கிறது?

ஒரு நிறுவனத்தின் பொருளையே மீண்டும் மீண்டும் வாங்குவதை வெறும் பகட்டு என்று ஒதுக்கிவிட முடியாது. அதற்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு காரணங்கள் கலந்திருக்கின்றன.

முதலாவது, நம்பிக்கை. முன்னர் வாங்கியது நன்றாக உழைத்தது என்றால், அடுத்ததும் அவ்வாறே இருக்கும் என்று எண்ணுவது நியாயமானது. யாழ்ப்பாணத்தில் ராலி சைக்கிள் வைத்திருந்தவர்கள் அதைப் பற்றிப் பெருமையாகப் பேசியதற்கும் இதுவே காரணம். சந்தையில் உள்ள அனைத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க நேரமில்லாதவருக்கு, தெரிந்த பெயர் ஒரு குறுக்கு வழி.

இரண்டாவது, மாறுவதற்கு ஆகும் செலவு. இது பணச் செலவு மட்டுமல்ல. பல்லாண்டுப் புகைப்படங்கள், வாங்கிய செயலிகள், கைக்கடிகாரம், காதொலிக் கருவி ஆகியன ஒரே நிறுவனத்தின் அமைப்புக்குள் இருக்கும்போது, வெளியேறுவது வீடு மாறுவது போன்றதாகிவிடுகிறது.

மூன்றாவது, பழக்கம். இருக்கும் நிலையை மாற்றாமல் விடுவதையே மனிதர்கள் பெரிதும் விரும்புகிறார்கள் என்பதை அமெரிக்கப் பொருளியலாளர்களான வில்லியம் சாமுவெல்சனும் ரிச்சர்ட் செக்ஹவுசரும் 1988 இல் வெளியிட்ட ஆய்வொன்றில் எடுத்துக்காட்டினர். வேறொன்று சிறந்ததாக இருந்தாலும், ஏற்கனவே கையில் உள்ளதற்கு மனம் கூடுதல் மதிப்பெண் கொடுத்துவிடுகிறது.

இம்மூன்றில் முதலிரண்டும் கணக்கில் எடுக்கப்பட வேண்டியவை. மூன்றாவது அடையாளம் காணப்பட வேண்டியது. சிக்கல் என்னவென்றால், மூன்றும் ஒரே குரலில்தான் பேசும்: "எனக்கு இதுதான் சரிவரும்."

இவற்றோடு கௌரவமும் சேர்கிறது. கொண்டாட்டங்களில் மேசைமேல் வைக்கப்படும் கருவி, வைத்திருப்பவரின் நிலையைச் சொல்வதாகக் கருதப்படுகிறது. பாடசாலைப் பிள்ளைகளிடையே இந்த அழுத்தம் இன்னும் கூடுதல். அதைப் பெற்றோர் ஏளனம் செய்வதால் பயனில்லை. ஆனால் அதற்காக மாதந்தோறும் எவ்வளவு கொடுக்கிறோம் என்பதைத் தெரிந்துகொண்டு கொடுப்பது வேறு, தெரியாமல் கொடுப்பது வேறு.

பாமினி தந்த பாடம்

மாறுவதற்கு ஆகும் செலவு என்பது தமிழர்களுக்குப் புதிதல்ல. கணினியில் தமிழ் எழுதத் தொடங்கிய காலத்தில், இலங்கைத் தமிழர்களிடையே பாமினி எழுத்துரு பெருமளவில் புழங்கியது. அந்த எழுத்துரு நிறுவப்படாத கணினியில் அதே கோப்பைத் திறந்தால், தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும். இந்தியாவிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வேறு வேறு குறியாக்கங்கள் புழங்கின.

எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோட் தரத்தில் 1991 ஆம் ஆண்டிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தது. எனினும் அது பரவலான வழக்கத்துக்கு வர மேலும் பல ஆண்டுகள் ஆயின. அன்றைய கணினிகளில் யூனிகோட் தமிழுக்கான ஆதரவு போதாமல் இருந்தது ஒரு காரணம். ஆயிரக்கணக்கான பக்கங்களைப் பழைய எழுத்துருவில் எழுதி வைத்திருந்தவர்களும், அதன் விசைகளில் விரல் பழகியவர்களும் மாறத் தயங்கியது இன்னொரு காரணம்.

அந்தத் தயக்கத்தை உடைத்தவை அறிவுரைகள் அல்ல. பழைய எழுத்துருவில் உள்ளதை நொடியில் யூனிகோடாக மாற்றித் தரும் இலவச மாற்றிகளும், பழைய விசைப்பலகை முறையிலேயே யூனிகோடில் எழுத உதவிய மென்பொருட்களுமே. இருந்ததை இழக்காமல் வெளியேறலாம் என்ற நிலை வந்ததும் மக்கள் மாறினார்கள்.

கைத்தொலைபேசி எண் விடயத்திலும் இதுவே நிகழ்ந்தது. எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி பிரிட்டனில் 1999 இலும், இந்தியா முழுவதும் 2011 இலும் வந்தது. அதற்கு முன்னர் சேவை பிடிக்காவிட்டாலும் எண்ணுக்காகவே பலர் தொடர்ந்தனர். அதைப் பற்று என்று சொல்ல முடியாது.

பிரிட்டனில் பயன்பாட்டில் உள்ள கைத்தொலைபேசிகளில் ஏறத்தாழ அனைத்தும் ஆப்பிள் அல்லது கூகுளின் இயங்குதளத்தையே கொண்டவை. இந்நிறுவனங்களுக்கு இத்துறையில் தனிச்சிறப்பான சந்தை ஆதிக்கம் உண்டு என்று பிரிட்டனின் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் 2025 அக்டோபரில் முறைப்படி அறிவித்தது. ஆணையத்தின் கவனத்துக்கு வந்த விடயங்களுள், ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்கு மாறுவதில் நுகர்வோர் எதிர்நோக்கும் தடைகளும் அடங்கும்.

விசுவாசத்துக்கு விதிக்கப்படும் தண்டம்

ஒரே நிறுவனத்துடன் நீடிப்பவருக்குச் சலுகை கிடைக்கும் என்பது பொதுவான எண்ணம். பிரிட்டனின் அனுபவம் அதற்கு நேர்மாறானது.

நுகர்வோருக்கு இலவச ஆலோசனை வழங்கும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பு, 2018 செப்டம்பரில் போட்டி ஆணையத்திடம் விரிவான முறைப்பாடு ஒன்றைக் கையளித்தது. கைத்தொலைபேசி, அகலக்கற்றை இணைப்பு, வீட்டுக் காப்புறுதி, வீட்டுக் கடன், வங்கிச் சேமிப்பு ஆகிய ஐந்து துறைகளில், மாறாமல் நீடிக்கும் வாடிக்கையாளர்கள் ஆண்டுக்கு 410 கோடி பவுண்டு கூடுதலாகச் செலுத்துவதாக அது மதிப்பிட்டது.

கைத்தொலைபேசியில் இது எவ்வாறு நிகழ்ந்தது? இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் கருவியின் விலையும் சேவைக் கட்டணமும் ஒரே தொகையாக மாதந்தோறும் அறவிடப்படும். ஒப்பந்தம் முடியும்போது கருவிக்கான பணம் முழுவதும் கட்டப்பட்டிருக்கும். ஆனால் வாடிக்கையாளர் எதுவும் செய்யாவிட்டால், அதே தொகை தொடர்ந்து அறவிடப்படும். அதாவது, ஏற்கனவே தமக்குச் சொந்தமாகிவிட்ட கருவிக்கு அவர் மீண்டும் பணம் கட்டிக்கொண்டிருப்பார்.

இதில் கூடுதலாகப் பாதிக்கப்படக் கூடியவர்கள் முதியோரும், ஆங்கிலத்தில் வரும் கடிதங்களைப் படித்துப் புரிந்துகொள்ளச் சிரமப்படுவோரும்தான். இதன் பின்னர், ஒப்பந்தம் முடிவடையும் முன்னரே வாடிக்கையாளருக்கு அறிவிக்க வேண்டும் என்ற விதியைத் தொலைத்தொடர்பு ஒழுங்கமைப்பு நிறுவனமான ஆஃப்கொம் 2020 பிப்ரவரியில் நடைமுறைப்படுத்தியது. அந்த அறிவித்தல் வரும்போது அதை விளம்பரம் என்று எண்ணி அழித்துவிடாமல் இருப்பது முக்கியம்.

பெயர் இருக்கும், நிறுவனம் இருக்காது

பெயரை நம்புவோர் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. பெயர் நிலைத்திருந்தாலும், அதன் பின்னால் இருப்பவர்கள் மாறிவிடக்கூடும்.

2007 இல் உலகில் விற்பனையான கைத்தொலைபேசிகளில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு நோக்கியாவினுடையவை. தமிழ்நாட்டின் ஸ்ரீபெரும்புதூரில் அந்நிறுவனம் 2006 இல் தொடங்கிய தொழிற்சாலை ஆயிரக்கணக்கானோருக்கு, குறிப்பாக இளம் பெண்களுக்கு, வேலை கொடுத்தது. ஆனால் நோக்கியா தனது கைத்தொலைபேசிப் பிரிவை 2014 இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்கு விற்றது. இந்திய வரித்துறையுடனான பிணக்கினால் ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்த விற்பனையில் சேர்க்கப்படவில்லை. 2014 நவம்பரில் அது மூடப்பட்டது. 2016 க்குப் பின்னர் நோக்கியா என்ற பெயரோடு வெளிவந்த தொலைபேசிகள், அப்பெயரைப் பயன்படுத்த உரிமம் பெற்ற எச்எம்டி குளோபல் என்ற வேறொரு நிறுவனத்தின் தயாரிப்புகள்.

பிளாக்பெரியின் கதையும் இத்தகையதே. ஒரு காலத்தில் அலுவலகத் தொலைபேசி என்றாலே அதுதான் என்றிருந்தது. அதன் சொந்த இயங்குதளத்தில் ஓடிய கருவிகளுக்கான சேவைகள் 2022 ஜனவரி 4 ஆம் தேதியுடன் நிறுத்தப்பட்டன.

இன்று அதே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில், தைவானைச் சேர்ந்த ஃபொக்ஸ்கொன் நிறுவனம் ஆப்பிளுக்காக ஐபோன்களை ஒருங்கிணைக்கிறது. மூடப்பட்ட நோக்கியா ஆலையை வாங்குவதாக சால்கொம்ப் என்ற நிறுவனம் 2019 இல் அறிவித்தது. அது மின்னேற்றிகளைத் தயாரிப்பது. ஆக, பெட்டியின் மீதுள்ள பெயர் மாறினாலும், அதை ஒருங்கிணைத்த கைகள் காஞ்சிபுரம் மாவட்டத்தவையாகவே இருக்கலாம்.

பெரிய பெயர்கள் தவறே செய்யாதவை என்றும் இல்லை. மின்கலம் பழையதான ஐபோன்களின் வேகத்தைத் தனது மென்பொருள் குறைத்ததை ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரியது. பிரிட்டனில் மின்கலம் மாற்றும் கட்டணத்தை 79 பவுண்டிலிருந்து 25 பவுண்டாக 2018 இல் தற்காலிகமாகக் குறைத்தது. சாம்சங், தீப்பற்றும் அபாயம் காரணமாகத் தனது கேலக்ஸி நோட் 7 தொலைபேசிகளை 2016 இல் முழுமையாக மீளப்பெற நேரிட்டது. இரு நிறுவனங்களும் அவற்றைத் தாண்டி வந்துவிட்டன. நுகர்வோர் இதிலிருந்து பெறக்கூடியது ஒன்றுதான்: ஒவ்வொரு கருவியையும் அதன் தகுதியைக் கொண்டே மதிப்பிட வேண்டும்.

மாதக் கணக்கு

கடையில் கேட்கப்படும் விலையை மட்டும் பார்ப்பது போதாது. எத்தனை மாதங்கள் பயன்படுத்துவோம், இறுதியில் என்ன விலைக்கு விற்கலாம் என்பவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கணக்குக்காகச் சில தொகைகளை வைத்துக்கொள்வோம்.

900 பவுண்டு விலையுள்ள தொலைபேசியை மூன்று ஆண்டுகள் வைத்திருந்து 250 பவுண்டுக்கு விற்றால், அதன் உண்மைச் செலவு 650 பவுண்டு. அதாவது மாதத்துக்கு ஏறத்தாழ 18 பவுண்டு. அதே தொலைபேசிக்கு இடையில் 90 பவுண்டு செலவில் புதிய மின்கலம் பொருத்தி, ஆறு ஆண்டுகள் பயன்படுத்தி, 60 பவுண்டுக்கு விற்றால் மாதத்துக்கு ஏறத்தாழ 13 பவுண்டு. 300 பவுண்டு விலையுள்ள ஒன்றை மூன்று ஆண்டுகள் பயன்படுத்தி 30 பவுண்டுக்கு விற்றால் மாதத்துக்கு ஏழரைப் பவுண்டு.

இதிலிருந்து இரண்டு விடயங்கள் தெரிகின்றன. விலை கூடியது, நீண்ட காலம் உழைத்தாலும்கூட, இந்தக் கணக்கில் மலிவானதாகிவிடவில்லை. மறுபுறம், அடிக்கடி மாற்றுவதை நிறுத்தினாலே இடைவெளி பாதியாகக் குறைந்துவிடுகிறது. எஞ்சியிருக்கும் ஐந்தரைப் பவுண்டு வித்தியாசம், நல்ல புகைப்படக் கருவிக்கோ, குடும்பத்தோடு ஒத்துப்போவதற்கோ, கௌரவத்துக்கோ கொடுக்கப்படும் விலை. அது தகுமா என்பதை அவரவர் முடிவு செய்யலாம்.

எத்தனை ஆண்டுப் பாதுகாப்பு?

இன்று கருவி பழுதாவதற்கு முன்னரே அதன் ஆயுள் முடிந்துவிடக்கூடும். பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் நின்றுபோன தொலைபேசியில் வங்கிச் செயலியைப் பயன்படுத்துவது, பூட்டு உடைந்த கதவுக்குப் பின்னால் நகையை வைப்பதற்கு ஒப்பானது.

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறையில் உள்ள சட்டத்தின்படி, இணையத்தோடு இணையும் கருவிகளை விற்போர், குறைந்தது எந்தக் காலம் வரை பாதுகாப்பு இற்றைப்படுத்தல் கிடைக்கும் என்பதை வெளியிட வேண்டும். கூகுள் 2023 இல் வெளியிட்ட பிக்சல் 8 தொலைபேசிக்கும், சாம்சங் 2024 இல் வெளியிட்ட கேலக்ஸி எஸ்24 தொலைபேசிக்கும் ஏழு ஆண்டுகள் என்று அறிவித்தன. ஆப்பிள், பழைய ஐபோன்களுக்கும் நீண்டகாலம் இற்றைப்படுத்தல் வழங்கி வந்துள்ளது. நீண்டகாலப் பாதுகாப்புக்கு ஐபோனை விட்டால் வழியில்லை என்ற வாதம் முன்னர் வலுவாக இருந்தது. இப்போது அது அவ்வளவு வலுவானதல்ல. அதேவேளை, மலிவான தொலைபேசிகளிடையே இக்காலம் பெரிதும் வேறுபடுகிறது. ஒரே நிறுவனத்தின் விலை உயர்ந்த தயாரிப்புக்குக் கிடைப்பது, அதன் மலிவான தயாரிப்புக்குக் கிடைக்காமல் போகலாம்.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வாழும் தமிழர்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு உண்டு. அங்கு 2025 ஜூன் 20 முதல் சந்தைக்கு வரும் தொலைபேசிகளுக்கு, விற்பனை முடிந்த பின்னரும் ஐந்து ஆண்டுகள் இற்றைப்படுத்தலும், ஏழு ஆண்டுகள் உதிரிப்பாகங்களும் கிடைக்க வழிசெய்யப்பட்டுள்ளது. எல்லாத் தொலைபேசிகளுக்கும் யு.எஸ்.பி சி வகை மின்னேற்றித் துளை கட்டாயம் என்ற விதியும் அங்கு 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆப்பிள் அதற்கு முன்னரே, 2023 இல் வெளியான ஐபோன் 15 முதல், அதற்கு மாறிவிட்டது. ஒரு வீட்டில் ஒரே மின்னேற்றி எல்லோருக்கும் போதும் என்றாகும்போது, மாறுவதற்கான தடைகளில் ஒன்று குறைகிறது.

முதியவரின் கையில்

இனி அம்மம்மாவின் தொலைபேசிக்கு வருவோம். அவருடைய பழைய கருவியை அப்படியே திருத்திக் கொடுத்தால் என்ன என்ற கேள்வி எழலாம். பிரிட்டனின் வலையமைப்புகள் 2024, 2025 ஆம் ஆண்டுகளில் 3ஜி சேவையை நிறுத்தும் பணியில் ஈடுபட்டன. 4ஜி வசதியற்ற கருவிகள் பழைய 2ஜி அலைவரிசையையே நம்பியிருக்க வேண்டும். அதுவும் 2033 க்குள் நிறுத்தப்படவுள்ளது. செப்புக் கம்பி வழியான பழைய வீட்டுத் தொலைபேசிச் சேவையும் 2027 ஜனவரிக்குள் நிறுத்தப்படவுள்ளதால், தனியே வாழும் முதியோருக்குக் கைத்தொலைபேசியின் முக்கியத்துவம் இன்னும் கூடுகிறது. கழுத்தில் அணியும் அவசர அழைப்புப் பொத்தான் வீட்டுத் தொலைபேசி இணைப்போடு சேர்ந்திருந்தால், அது புதிய இணைப்பிலும் இயங்குமா என்பதை முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

புதியதை வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது, அவருக்கு உதவப் போவது யார் என்பதே. பக்கத்தில் இருந்து கற்றுக்கொடுக்கும் மகளோ பேரனோ எதைப் பயன்படுத்துகிறாரோ, அதுவே பல வேளைகளில் சிறந்த தெரிவு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது ஒரு பெயரின் மீதுள்ள பற்றாகத் தோன்றினாலும், உண்மையில் இதுவே நடைமுறை அறிவு. பிள்ளைகள் அனைவரும் ஃபேஸ்டைம் வழியாகவே பேசுகிறார்கள் என்றால், அதுவும் கணக்கில் வர வேண்டும். ஆண்ட்ராய்ட் வைத்திருப்போர் அனுப்பப்படும் இணைப்பைக் கொண்டு அதில் சேர 2021 முதல் முடியும் என்றாலும், அவர்களால் அழைப்பைத் தொடங்க முடியாது. வாட்ஸ்அப்பில் பேசும் குடும்பத்துக்கு இந்த வேறுபாடு இல்லை.

அடுத்தது தமிழ். ஐபோன், ஆண்ட்ராய்ட் ஆகிய இரண்டிலும் இன்று தமிழ் விசைப்பலகை கிடைக்கிறது. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005 இல் அறிமுகமான காலத்தில், கைத்தொலைபேசியில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்புவதே புதுமையாக இருந்தது. கூகுள் 2017 இல் தமிழில் பேசியே எழுதும் வசதியைக் கொண்டுவந்தது. எழுத்து பெரிதாகத் தெரிகிறதா, ஒலி போதுமானதா, பேசினால் தமிழில் எழுதுகிறதா என்பவற்றைக் கடையிலேயே அவரது கையில் கொடுத்துப் பார்ப்பது, எந்த விளம்பரத்தையும் விட அதிகம் சொல்லும்.

மூன்றாவதாக, பழைய கருவியில் உள்ளவை. மறைந்த கணவரின் குரற்பதிவு ஒன்று வாட்ஸ்அப் உரையாடலுக்குள் இருக்கலாம். அதை இழப்பது பணத்தால் ஈடுசெய்ய முடியாதது. ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் இடையே வாட்ஸ்அப் உரையாடல்களை மாற்றும் வசதி 2021, 2022 ஆம் ஆண்டுகளில் வந்துவிட்டது. ஆனால் புதிய தொலைபேசியை முதன்முதலாக அமைக்கும் வேளையில் அதைச் செய்வதே பாதுகாப்பானது. மாற்றியவை அனைத்தும் வந்து சேர்ந்தனவா என்று திறந்து பார்க்கும் வரை பழையதை அழிக்கவோ விற்கவோ கூடாது.

ஊருக்குக் கொண்டு செல்லும்போது

லண்டனில் பழையதாகிவிட்ட தொலைபேசியை ஊரில் உள்ள உறவினருக்குக் கொடுப்பது பல குடும்பங்களின் வழக்கம். இங்கும் பெயரை மட்டும் பார்ப்பது ஏமாற்றத்தில் முடியலாம்.

அத்தொலைபேசி ஒரு நிறுவனத்தின் சிம் அட்டைக்கு மட்டும் பூட்டப்பட்டதா என்று பார்க்க வேண்டும். பூட்டிய கருவிகளை விற்பது பிரிட்டனில் 2021 டிசம்பரில் தடைசெய்யப்பட்டது. அதற்கு முன்னர் வாங்கியவை பூட்டப்பட்டிருக்கலாம். முந்தைய உரிமையாளர் தமது கணக்கிலிருந்து முறைப்படி வெளியேறாவிட்டால், பெறுபவரால் அதைப் பயன்படுத்தவே முடியாது. இலங்கையின் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு, பதிவு செய்யப்படாத ஐ.எம்.இ.ஐ எண் கொண்ட புதிய கருவிகள் குறித்துக் கட்டுப்பாடுகளை 2025 ஜனவரியில் அறிவித்ததால், கொண்டு செல்லும் முன்னர் அது பற்றி விசாரிப்பதும் நல்லது. அனைத்துக்கும் மேலாக, பெறுபவரின் ஊரில் அதைத் திருத்தக்கூடியவரும் உதிரிப்பாகமும் உண்டா என்று கேட்க வேண்டும். அங்கு எளிதில் திருத்தக்கூடிய நடுத்தர விலைத் தொலைபேசி, திரை உடைந்தால் மேசைக்குள் வைத்துப் பூட்டப்படும் விலை உயர்ந்ததை விடப் பயன் தரும்.

மாறுவோரின் உரிமைகள்

மாறுவது என்று முடிவெடுத்தால், பிரிட்டனில் அதற்கான வழி முன்னரைவிட எளிது. பிஏசி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை 65075 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், எண்ணை மாற்றாமல் வேறு நிறுவனத்துக்குச் செல்வதற்கான குறியீடு கிடைக்கும். பழைய நிறுவனத்துடன் பேசி வாதாட வேண்டியதில்லை. ஒப்பந்தக் காலம் மீதமிருந்தால் அதற்கான கட்டணம் எவ்வளவு என்பதும் அந்தப் பதிலிலேயே தெரிவிக்கப்படும். 2025 ஜனவரி 17 க்குப் பின்னர் செய்யப்படும் புதிய ஒப்பந்தங்களில், இடையில் கட்டணம் உயர்வதானால் எவ்வளவு என்பதைப் பவுண்டிலும் பென்ஸிலும் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

வாங்கிய கருவி குறையுடையதாக இருந்தால், 2015 ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாட்களுக்குள் அதைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கோரலாம். அதற்குப் பொறுப்பு விற்ற கடையினுடையது. தயாரித்த நிறுவனத்தைக் கேளுங்கள் என்று கடைக்காரர் கைகழுவ முடியாது. கடையில் வாங்கிய பழைய கருவிக்கும், அதன் வயதையும் விலையையும் கருத்தில் கொண்டு, இச்சட்டம் பொருந்தும். தெரிந்தவரிடம் கைமாற்றாக வாங்கியதற்கு இந்த அளவு பாதுகாப்பு இல்லை.

1990 களில், மின்கலங்களுக்குத் தடை இருந்த யாழ்ப்பாணத்தில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டவர்களுள் பலர் இன்று மோர்டனிலும் அதைப் போன்ற புறநகரங்களிலும் வாழ்கிறார்கள். அன்று அவர்கள் வானொலிப் பெட்டியின் பெயரைப் பார்க்கவில்லை. குரல் வந்து சேர்கிறதா என்றே பார்த்தார்கள். அம்மம்மாவுக்கு எதை வாங்குவது என்று இன்று விவாதிக்கும் குடும்பமும் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கலாம். அதற்குப் பின்னரும் விருப்பமான பெயரையே வாங்குவதானால், அதற்குக் கொடுக்கும் விலை என்ன என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.